ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள்

தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்குரிய கட்டத்தில் 17 என்ற அணு எண்ணும் 35.45 என்ற சராசரி அணு நிறையும் அருகருகே அச்சிடப்படுகின்றன. அணு எண் என்பது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. அது மாறினால் தனிமமே மாறிவிடும். சராசரி அணு நிறையோ, புரோட்டான் எண்ணிக்கையில் ஒத்தும் நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபட்டும் இருக்கும் ஐசோடோப்புகள் இயற்கையில் கலந்துள்ள விகிதத்தைக் கொண்டு, கார்பன்-12 அணுவின் நிறையைச் சரியாக 12 என வைத்துக் கணிக்கப்படுவது. முன்னது தனிமத்தின் வரையறை, பின்னது புவியில் கிடைக்கும் கலவையைப் பற்றிய தகவல் என்ற வேறுபாட்டை அட்டவணை காட்டுவதில்லை.

சராசரி நிறையை ஒற்றை எண்ணாகத் தரும் இவ்வழக்கத்தின் பயன் பெரிது. 35.45 நிறையுள்ள குளோரின் அணு எங்கும் இல்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குளோரின்-35, எஞ்சியது குளோரின்-37. ஆயினும் ஒரு மோல் உப்பு வேண்டுமெனில் தராசில் 58.44 கிராம் நிறுத்தால் போதும். ஒவ்வொரு புட்டியிலும் ஐசோடோப்பு விகிதத்தை அளந்த பிறகே எடைபோட வேண்டும் என்றிருந்தால் எந்த ஆய்வகமும் இயங்காது. ஐசோடோப்பு என்ற கருத்தே தோன்றாத 1869-இல் மெண்டெலீவ் தம் அட்டவணையை அணு நிறையின் வரிசையிலேயே அமைத்தார் என்பதும், டெலூரியத்தை அதனினும் நிறை குறைந்த அயோடினுக்கு முன் வைக்க வேண்டியிருந்தது என்பதும் அறிந்ததே. அந்த முரணை, 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர் நிறமாலையின் வழியே நிறுவிய அணு எண் வரிசை தீர்த்துவைத்தது. ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனமாக இருப்பதற்கும் ஐசோடோப்புகளில்தான் விடை உள்ளது: காற்றிலுள்ள ஆர்கான் ஏறக்குறைய முழுவதும், பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து உண்டான ஆர்கான்-40. ஆக, அட்டவணையில் உள்ள 39.95 என்ற எண், தனிமத்தின் இயல்பைவிடப் புவியின் வரலாற்றையே மிகுதியாகச் சொல்கிறது.

குறை புலப்படுவது ஈயத்தில். யுரேனியமும் தோரியமும் சிதைந்து முடியுமிடம் ஈயமாதலின், கனிமத்துக்குக் கனிமம் அதன் நிறை மாறுகிறது. 1914-இல் வேதியியலாளர் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிம ஈயத்தைச் சாதாரண ஈயத்தைவிட இலேசானது எனக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் மற்றொரு வேதியியலாளரான சாடி, இலங்கையிலிருந்து பெற்ற தோரைட் கனிமத்தின் ஈயத்தை சாதாரண ஈயத்தைவிடக் கனமானது எனக் கண்டார். மூன்றுக்கும் அணு எண் 82 மட்டுமே. அப்படியிருந்தும் பாடநூல்கள் 207.2 என்ற ஒற்றை எண்ணையே நெடுங்காலமாக அச்சிட்டு வருகின்றன.

ஈயத்தின் மாறுபாடு இயற்கை தந்தது. லித்தியத்தினுடையது மனிதன் செய்தது. ஹைட்ரஜன் குண்டுக்காக லித்தியம்-6 பிரித்தெடுக்கப்பட்டு, எஞ்சிய சரக்கு வணிகச் சந்தைக்கு வந்ததால், புட்டியிலுள்ள லித்தியத்தின் நிறை 6.938 முதல் 6.997 வரை எங்கேயும் இருக்கலாம், 6.94 என்று நம்பி எடைபோடுபவருக்கு 0.8 விழுக்காடு வரை பிழை நேரும். நுண்பகுப்பாய்வில் இது பொறுக்கத்தக்க அளவன்று.

ஐயூபிஏசி என வழங்கும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2009-இல் ஹைட்ரஜன், லித்தியம், குளோரின் உள்ளிட்ட 10 தனிமங்களுக்கு ஒற்றை எண்ணுக்கு மாற்றாக இடைவெளி மதிப்பை அறிவித்தது. பின்னர் ஈயமும் அவ்வரிசையில் சேர்ந்தது. அறிவியல் நேர்மைக்கு இது உகந்த முடிவே. ஆனால் இடைவெளியைக் கொண்டு கணக்குப் போட இயலாதாதலின், அதே ஒன்றியம் வகுப்பறைக்கும் வணிகத்துக்கும் சுருக்க மதிப்பையும் சேர்த்தே தர வேண்டியிருந்தது. பள்ளி மாணவருக்கு 35.5 போதும், அதைக் குறைகூறுவது வீண் கண்டிப்பு. அணு எண்ணுக்குரிய உறுதியை அதற்கும் ஏற்றி அச்சிடுவதுதான் தவறு. மாறக்கூடிய மதிப்புகளின் மேல் ஒரு குறியிட்டாலே அது தீரும். லித்தியம் சேர்மங்களை நிறுப்போர், அட்டவணையைப் புரட்டுமுன், கையிலுள்ள சரக்கின் அணு நிறை தனியே அளக்கப்பட்டதா என விற்றவரிடம் கேட்டறிதல் நலம்.