இரவற் கருவிகளும் எதிர்ப்புக் குரலும்: ‘த பிரெஞ்ச் டெமோக்கிறசி’ பற்றிச் சில குறிப்புகள்

ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று கேட்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். அவ்வுறவுகளுக்குள் அப்படைப்பு எங்கே நிற்கின்றது என்பதையும் கேட்க வேண்டும் என 1934இல் வால்ற்றர் பென்யமின் வற்புறுத்தினார். கணனி விளையாட்டுகளுக்கென ஆக்கப்பட்ட எஞ்சின்களைக் கொண்டு குறும்படம் செய்யும் முறை அவ்வினாவை மீண்டும் எம்முன் வைக்கின்றது. இத்துறையைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் எம்மிடையே உளர். ஒரு காலத்தில் சினிமாவும் இவ்வாறுதான் ஒதுக்கப்பட்டது.

விளையாட்டின் இடையே கதையை நகர்த்தும் காட்சித் துண்டினைக் ‘கட்சீன்’ என்பர். எஞ்சின் என்பது உருவம், ஒளி, அசைவு ஆகியவற்றைக் கணித்து உடனுக்குடன் திரையில் வரையும் மென்பொருள். வழமையான கணனி அசைவூட்டப் படத்தில் ஒரு சட்டகத்தைக் கணிக்க மணிக்கணக்கில் நேரம் செல்லலாம். எஞ்சினோ ஒரு செக்கனில் முப்பது, அறுபது சட்டகங்களை வரைந்துவிடும். படைப்பாளர் பாத்திரங்களை நிறுத்தி, புலப்படாத கமராவை வேண்டிய இடத்தில் வைத்து, அசைவுகளைக் காலக்கோட்டில் அடுக்குகிறார். 2016இல் அன்றியல் எஞ்சினுக்குச் ‘சீக்குவென்சர்’, 2017இல் யுனிற்றிக்கு ‘ரைம்லைன்’ எனத் தனிக்கருவிகள் வந்து சேர்ந்தன. ஆனால் நிறுவனங்கள் இவற்றை வழங்கும் முன்னரே விளையாடுவோர் வழி கண்டுவிட்டனர். 1996இல் ‘குவேக்’ விளையாட்டின் பதிவு வசதியைத் திருப்பி ‘டயரி ஒஃப் எ காம்பர்’ என்ற சிறு படம் செய்தனர். அதன் நகைச்சுவை விளையாடுவோர் வட்டத்துக்கு அப்பால் எவருக்கும் புரியாதது. ‘மெஷினிமா’ என்று பின்னர் பெயர்பெற்ற இவ்வடிவம் சமூகத்தை நோக்கித் திரும்ப ஒன்பது ஆண்டுகள் சென்றன.

2005 ஒக்ரோபர் 27ஆந் திகதி, பாரிஸின் புறநகரான கிளிஷி-சூ-புவாவில், பொலிசாருக்கு அஞ்சி ஓடிய இளைஞர் இருவர் மின் உபநிலையமொன்றுள் ஒளிந்து மின்சாரம் தாக்கி இறந்தனர். மூன்று வாரங்கள் புறநகர்கள் எரிந்தன. நவம்பர் 8ஆந் திகதி அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. (அவ்விருவரின் மரணம் தொடர்பாக வழக்குத் தொடரப்பட்ட பொலிசார் இருவரும் 2015இல் விடுதலை செய்யப்பட்டனர்.) கலகக்காரரைப் பற்றி எல்லோரும் பேசினர், அப்புறநகர்களிலே வாழ்ந்தோர் பேச இடம் அரிது. திரைப்பட அனுபவம் எதுவுமற்ற அலெக்ஸ் சான் அத்தகைய புறநகர்வாசி. குடிபெயர்ந்து வந்தோரின் மகன். அதே நவம்பரில் வெளிவந்த ‘த மூவீஸ்’ என்ற விளையாட்டை வாங்கி, அம்மாதம் முடியுமுன் பதின்மூன்று நிமிடப் படமொன்றை வெளியிட்டார். அதுவே ‘த பிரெஞ்ச் டெமோக்கிறசி’.

‘த மூவீஸ்’ எத்தகைய விளையாட்டு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. விளையாடுபவர் ஒரு ஹொலிவூட் கலையகத்தின் அதிபர். நடிகரை வேலைக்கு அமர்த்துவதும் வசூலைப் பெருக்குவதுமே அவர் தொழில். படம் செய்யும் வசதி அவ்வாணிபத்தின் ஓர் அங்கம். எனவே அரங்குகளும் உடைகளும் உடலசைவுகளும் அமெரிக்க வணிக சினிமாவின் பண்டகசாலையிலிருந்து எடுத்தவை. முதலாளியின் ஆசனத்தில் அமர்ந்து கலகக்காரரின் கதையைச் சொல்ல வேண்டிய விசித்திர நிலை சானுக்கு ஏற்பட்டது. அப்பண்டகசாலையில் பாரிஸின் தொடர்மாடிக் குடியிருப்புகள் இல்லை. அமெரிக்க நகரச் சாயல்கொண்ட அரங்குகளே அவற்றுக்கு ஈடாகின்றன. மின் உபநிலையமும் இல்லை. இளைஞர் ஒரு கொட்டிலுக்குள் ஓடி இறக்கின்றனர். உரையாடல் எழுத்துகளாகத் திரையில் ஓடுகின்றது. வெளிநாட்டாரைச் சேர வேண்டுமென்பதற்காக அவை ஆங்கிலத்தில் அமைந்தன; அவ்வாங்கிலம் செம்மையானதன்று.

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவு பற்றி எமது முற்போக்கு விமர்சனத்தில் நிகழ்ந்த வாதங்களை அறிந்தோருக்கு இங்கு ஒரு சிக்கல் தோன்றும். உருவம் குறைபாடுடையது, ஆகவே படைப்புத் தோல்வி எனலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தக் கொட்டிலைப் பார்க்கும்போது அது உபநிலையமன்று என்பதைப் பார்வையாளர் ஒருகணமும் மறப்பதில்லை. இம்மக்களின் வாழ்வைச் சொல்வதற்குரிய காட்சிகள் அப்பண்டகசாலையில் இல்லை என்பதையும் அது கூடவே உணர்த்திவிடுகின்றது. இல்லாமையே இங்கு சாட்சியாகின்றது. படைப்பாளர் இதனைத் திட்டமிட்டார் என நாம் வாதிட வரவில்லை. கருவியின் கருத்துநிலையும் அதனைக் கையாண்டவரின் அனுபவமும் மோதியதன் விளைவு அது.

ஆயின் படத்தின் நோக்கு எல்லை கடந்ததன்று. பொலிஸ் கெடுபிடி, வேலை மறுப்பு போன்ற அனுபவங்கள் மூன்று இளைஞரைக் கலகத்துக்குத் தள்ளுகின்றன. பாகுபாடு கூர்மையாகக் காட்டப்படுகின்றது. அப்பாகுபாட்டால் எந்த உழைப்புச் சந்தை பயனடைகின்றது என்ற வினா எழவில்லை. மூவரின் துயரம் அருகருகே வைக்கப்படுகின்றதே தவிர ஒன்றாக இணையவில்லை. கூட்டத்தைக் காட்டக் கருவிக்கு ஆற்றல் போதாமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் பழியை முழுவதும் கருவிமேற் போடுவதும் இயந்திரப் பொருள்முதல்வாதமே.

இனிச் சொத்துடைமைக்கு வருவோம். எஞ்சினில் படம் செய்பவர் குத்தகைக் காணியில் பயிரிடுபவரை ஒத்தவர். விளைச்சல் அவருடையது, நிலமும் நிபந்தனையும் பிறருடையவை. 2007இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் விளையாட்டுகளிலிருந்து படம் செய்ய அனுமதியளித்தபோது, வணிக நோக்கம் கூடாதென விதித்தது. 2023 செப்ரெம்பரில் யுனிற்றி, விளையாட்டொன்று நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. அத்திட்டம், ஏற்கெனவே வெளியாகியிருந்த விளையாட்டுகளின் புதிய நிறுவல்களையும் விட்டுவைக்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் 2024 செப்ரெம்பரில் அது கைவிடப்பட்டது. நிலவாடகை பற்றி மார்க்ஸ் எழுதியவை இங்கு பழைமையடையவில்லை.

மாற்று வழி இல்லாமலில்லை. பிளெண்டர் என்ற மென்பொருளின் மூலநிரல் 2002இல் ஓர் இலட்சம் யூரோ பொதுமக்களிடம் திரட்டி விடுவிக்கப்பட்டது. அது விளையாட்டு எஞ்சின் அன்று. ஆயினும் எஞ்சின்களைப் போன்றே உடனுக்குடன் வரையும் ஆற்றல் அதற்குண்டு. அதனைக் கொண்டு செய்யப்பட்ட லத்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது. விருது எமக்கு அளவுகோலன்று. எந்த நில உடைமையாளருக்கும் கப்பம் செலுத்தாது அத்தரத்தை எட்ட முடிந்தது என்பதே கவனத்துக்குரியது.

சானின் படம் முதலில் வெளியான ‘த மூவீஸ்’ இணையத்தளம் 2008இல் மூடப்பட்டது. விளையாட்டை ஆக்கிய லயன்ஹெட் கலையகத்தை, அதன் உடைமையாளராகிவிட்டிருந்த மைக்ரோசொப்ற் 2016இல் மூடியது. ஆயினும் படம் இன்றும் காணக் கிடைக்கின்றது.