மாவு பொங்கும் இரவு: உயிரை ரசிப்பது எப்படி?

ராத்திரி பத்து மணிக்கு மூடி வைத்த இட்லி மாவு, விடிந்து பார்த்தால் குண்டானை விட்டு வழிந்து மேடையெல்லாம் பரவிக் கிடக்கும். ஈரத்துணியைத் தேடும் எரிச்சலில் அதைப் பார்த்து வியக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘உயிருள்ளவற்றின் பண்புகள்’ என்ற தலைப்பில் ஏழெட்டு வரியாக உருப்போட்ட பாடம் முழுவதும் அந்த ஒரே இரவில் குண்டானுக்குள் அரங்கேறியிருக்கிறது. உணவெடுத்தல், அதை ஆற்றலாக்குதல், கழிவு நீக்குதல், வளர்தல், பெருகுதல், சூழலுக்குத் துலங்குதல் எல்லாம் அதில் அடக்கம்.

அந்தப் பாடத்தில் ருசி தட்டாமல் போனதற்குக் காரணம், அதில் கடிகாரம் இல்லாததுதான். படத்தில் இருந்த தவளையும் செம்பருத்தியும் அசையாமல் நின்றன. உயிரை ரசிக்க நினைப்பவர் ஒரு பொருளைக் குறைந்தது இரண்டு வேளை பார்க்க வேண்டும். அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. அரைத்த மாவு, ஒரு பிடி பச்சைப்பயறு, மருந்துக்கடை அயோடின், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

மூன்று டம்ளர்

அன்று அரைத்து உப்பு போட்டுக் கரைத்த மாவில் மூன்று கண்ணாடி டம்ளர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முதல் டம்ளரைப் பாதி நிரப்பி மேடையில் வைக்கலாம். இரண்டாவதைப் பாதி நிரப்பி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூன்றாவதற்கான மாவை மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கஞ்சிபோல் கொதிக்கவைத்து, ஆறியபின் ஊற்றி மூடலாம். மூன்றிலும் மாவு நிற்கும் மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட். இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் வேலை.

முதலில் கண்ணாடியை ஒட்டி மணல்மணலாகச் சிறு குமிழிகள் தெரியும். பிறகு அவை பெரிதாகும், மாவின் மேற்பரப்பு மெல்ல உப்பும். மூக்கும் கூடவே வேலை செய்யட்டும்: உளுந்தின் பச்சை வாடை தேய்ந்து இளம்புளிப்பு வாசம் ஏறுவதைக் கவனிக்கலாம். நம் ஊர் வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்திலேயே முதல் டம்ளர் ரப்பர் பேண்டைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். கரண்டியை விட்டால் நுரை உடைகிற மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். ஃபிரிட்ஜில் இருப்பது ஏறக்குறைய வைத்தபடியே இருக்கும். கொதிக்கவைத்தது அசையவே இல்லை.

நின்று பார்க்க வேண்டியது அந்த மூன்றாவது டம்ளரைத்தான். அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு. உயிர்களின் உடலில் பெரும்பங்கு வகிக்கும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய ஆறு தனிமங்களும் அதில் இருக்கின்றன. கொதித்ததால் எதுவும் காணாமல் போய்விடவில்லை. குலைந்தது அவற்றின் அடுக்கு. புரதங்களின் மடிப்புகள் பிரிந்தன, உள்ளே இருந்த பாக்டீரியாக்கள் மடிந்தன. உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு சரக்கிலா, அடுக்கிலா என்ற பெரிய கேள்விக்கு ஒரு டம்ளர் கஞ்சி பதில் சொல்லிவிடுகிறது. (அந்தக் கஞ்சியைக் காலையில் கொட்டிவிடுவது நல்லது.)

குண்டானின் குடிமக்கள்

மாவைப் பொங்கவைப்பது யார்? 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸும் அவருடைய கூட்டாளிகளும் இட்லி மாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உப்பவைக்கும் வேலையில் முக்கியப் பங்கு லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்பது அவர்கள் கண்ட முடிவு. யாரும் அதைக் கொண்டுவந்து போடவில்லை. அரிசியோடும் உளுந்தோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊறும்போதே பெருகத் தொடங்கிவிடுகிறது. கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. கையிலும் பாக்டீரியா உண்டு, ஆனால் கரண்டியால் கரைத்த மாவும் பொங்கத்தான் செய்கிறது.

இந்தக் கூட்டம் பெருகும் கணக்கு தனி அழகு. ஒரு பாக்டீரியா மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் ஒன்று 1024 ஆகும். அதில் முக்கால்வாசி கடைசி இரண்டு மணி நேரத்தில் பிறந்தவை. பாதி ராத்திரி வரை சும்மா கிடந்த மாவு விடியற்காலையில் குபீரென்று ஏறுவது ஏன் என்பது இந்த எளிய பெருக்கலில் விளங்கும்.

அவற்றின் சாப்பாடு சர்க்கரை. லியூக்கோனாஸ்டாக் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைத்து, பெரும்பாலும் லாக்டிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு, எத்தனால் என மூன்று பொருள்களாக வெளியேற்றுகிறது. புளிப்பு முதலாவதால், உப்பல் இரண்டாவதால். மூன்றாவது சொற்ப அளவுதான். இட்லிப் பானையின் ஆவியோடு போய்விடுகிறது. வளர்சிதை மாற்றம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஒரு பாக்டீரியாவின் கழிவு மனிதருக்கு ருசியாக அமைந்தது தற்செயல்.

வாயு உண்டாவது மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்கவும் வேண்டும். அரிசி மாவு தனியாக அதைச் செய்யாது. உளுந்தின் புரதமும், அதற்கு வழுவழுப்பைத் தரும் அரபினோகலாக்டன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. நாலுக்கு ஒன்று என்று உளுந்து அளந்து போடும் கை, தெரியாமலே ஒரு கட்டுமானக் கணக்கைப் போடுகிறது.

புளிப்பை அளப்பது

புளித்த மாவை நுனிநாக்கில் வைத்தால் தெரிவது ஹைட்ரஜன் அயனி. அதன் அளவைச் சொல்லும் பி.எச். என்ற அளவுகோலை 1909இல் வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனம் அமைத்த ஆய்வகத்தில். நொதிக்கவைத்துப் பிழைப்பவர்களுக்குப் புளிப்பைத் துல்லியமாக அளக்கும் தேவை இருந்ததில் வியப்பில்லை. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். மாவின் பி.எச். சுமார் 6இலிருந்து 4.5 அளவுக்கு இறங்குகிறது என்றால், ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 மடங்கு பெருகிவிட்டன என்று பொருள்.

அளவுகோலின் மறுமுனையைப் பார்க்க மஞ்சள் போதும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து சிவக்கும் ஆரத்தி, காரத்தைக் காட்டும் வேதியியல் சோதனையேதான். மஞ்சள் கறை பட்ட துணி சோப்பு பட்டதும் சிவப்பதும் அதே காரணத்தால்.

இங்கே உயிரின் இன்னொரு பண்பு எட்டிப் பார்க்கிறது. வெளியே மாவு புளித்துக்கொண்டே போனாலும், பாக்டீரியா தன் செல்லுக்குள் அந்த அளவு புளிப்பை விடுவதில்லை. ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தன்னிலை காத்தல் என்பது இந்த ஓயாத இறைப்புதான். மனித ரத்தமும் 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டில் நடக்கிறது; அதை அங்கேயே நிறுத்தி வைக்க நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக உழைக்கின்றன.

நான்கு சரக்குகள்

உயிர்வேதியியல் என்றாலே மிரள்பவர்கள், கடைச் சரக்கை நாலு டப்பாவில் பிரித்து வைப்பதுபோல அதைப் பிரித்துக்கொள்ளலாம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம்.

மாவுச்சத்துக்கு அயோடின். புண்ணுக்குப் போடும் அயோடினில் ஒரு சொட்டு சோற்றுக் கஞ்சியில் விட்டால் கருநீலம் படரும். சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் அந்த நிறம் வராது. இரண்டும் ஒரே குடும்பம்தான். குளுக்கோஸ்கள் நூற்றுக்கணக்கில் கைகோத்தால் மாவுச்சத்து. அந்தக் கோர்வையை வாய்க்குள்ளேயே அவிழ்க்கலாம்: ஒரு கவளம் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை அறுத்ததன் இனிப்பு அது.

புரதத்துக்குப் பால். எலுமிச்சை பிழிந்ததும் பால் திரிவது, கேசின் என்ற புரதம் புளிப்பு தாங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். உறைமோர் ஊற்றினால் அதே வேலையை பாக்டீரியா மெதுவாகச் செய்கிறது, அதனால் திரிதிரியாகப் பிரியாமல் கட்டியாக உறைகிறது. கொழுப்பு தண்ணீரோடு சேராது என்பது ரசத்தில் மிதக்கும் நெய்யைப் பார்த்தாலே தெரியும். அந்தச் சேராக் குணத்தை வைத்துத்தான் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேலி போட்டுக்கொள்கிறது. செல்லின் சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பு.

நாலாவது டப்பாவைத் திறக்க வாழைப்பழம் வேண்டும். மசித்த பழத்தில் உப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரும் கலந்து வடிகட்டி, சில்லென்ற ஸ்பிரிட்டை ஓரமாக மெல்ல ஊற்றினால், இடையில் வெள்ளை நூலாம்படை போல ஒன்று திரண்டு எழும். சோப்பு கொழுப்பு வேலியை உடைக்க, வெளியே வந்த டி.என்.ஏ.யும் அதோடு ஒட்டிய சிலவும்தான் அது. 1869இல் சுவிட்சர்லாந்துக்காரரான ஃபிரெட்ரிக் மீஷர் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது, மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்திருந்த சீழிலிருந்து.

அரைத்தும் அடங்காதது

கொதித்த மாவு பொங்கவில்லை. அப்படியானால் நொதிக்க உயிர் கட்டாயம் வேண்டும் என்றுதான் தோன்றும். லூயி பாஸ்டர் அப்படித்தான் நம்பினார். 1897இல் ஜெர்மனியின் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். அதில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. சாறு கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரை சேர்த்தபோது அது நுரைத்தது. நொதித்தலைச் செய்வது செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் என்று தெளிவானது. 1907இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ‘என்சைம்’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’ என்று பொருள். தமிழில் நொதி என்ற சொல்லும் நொதித்தலிலிருந்து பிறந்ததே. இரண்டு மொழியும் பானைக்குள்தான் அந்தச் சொல்லைக் கண்டெடுத்திருக்கின்றன.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்

பண்புகளின் பட்டியல் எங்கே தடுமாறுகிறது என்று தேடுவது இந்த ரசனையின் அடுத்த படி. அகல்விளக்கின் சுடர் எண்ணெயைத் தின்கிறது, ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, பக்கத்துத் திரியில் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. சர்க்கரைப் பாகில் தொங்கும் நூலில் கற்கண்டு வளர்கிறது. இரண்டுக்கும் உயிர் இல்லை. செல்லும் கிடையாது, அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்ல ஒரு செய்தியும் கிடையாது. மறுபக்கம் கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பதில்லை. அதற்கு உயிர் இல்லை என்று யார் சொல்ல முடியும்? உயிர் என்பது பரிணமிக்கும் திறனுள்ள, தானே தன்னை நடத்திக்கொள்ளும் வேதி அமைப்பு என்று நாசாவின் வரையறை பொதுவாகப் போவது இந்தத் தடுமாற்றங்களைச் சமாளிக்கத்தான்.

டப்பாவில் கிடக்கும் பச்சைப்பயறு இன்னும் கெட்டிக்காரத்தனமான வழக்கு. உண்பதாகத் தெரியாது, அசையாது, மாதக்கணக்கில் மாறாது. இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005இல் நடப்பட்டு முளைத்தது. அந்த மரத்துக்கு மெத்தூசலா என்று பெயர். பயறு காத்திருப்பதும் தண்ணீருக்காகத்தான். ஓரிரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டிய மூட்டையை மறுநாள் கையில் பொத்திப் பார்த்தால் சில சமயம் லேசான கதகதப்பு தெரியும். முளைக்கும் விதைகள் மூச்சு விடும் சூடு அது. காய்ந்த பயறையும் முளைத்த பயறையும் அடுத்தடுத்து மென்றால் இனிப்பின் வேறுபாடும் பிடிபடும்: உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகிக்கொண்டிருக்கிறது.

நேராக வேர் விட்ட ஒரு பயறை ஈரப்பஞ்சில் படுக்கவைத்து, இருட்டில் சில மணி நேரம் விட்டால் வேர்நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். பாடநூலில் இதற்குப் புவிநாட்டம் என்று பெயர். கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரியும்? வேர்நுனி உறையில் இருக்கும் சில செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் எடைக்கல்லாக இருக்கின்றன. வேரைச் சாய்த்தால் அவை உருண்டு புதிய அடிப்பக்கத்தில் போய் அமர்கின்றன. அயோடினில் நீலமாகும் அதே மாவுச்சத்து.

தட்டில் கிடக்கும் சான்று

காலையில் முதல் டம்ளர் மாவை இட்லித் தட்டில் ஊற்றியதும் ஆவியில் பாக்டீரியாக் கூட்டம் மடிகிறது. புரதம் இறுகி, மாவுச்சத்து நீரைக் குடித்து வீங்கிக் குமிழிகளின் சுவர்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. இட்லியைக் குறுக்கே பிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், ராத்திரி முழுக்க பாக்டீரியாக்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடு இருந்த இடங்கள் துளைதுளையாகத் தெரியும். இரண்டாவது டம்ளரை ஃபிரிட்ஜிலேயே விட்டுவைக்கலாம். மூன்றாம் நாள் அதில் வார்க்கும் ஊத்தப்பம் முதல் நாள் மாவைவிடப் புளிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.