பாட்டு தெரியும், மெட்டுப் போட்டவர் தெரியாது

‘சேரன் பாண்டியன்’ பாடல்களை இளையராஜா கணக்கில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1991இல் வந்த அந்தப் படத்துக்கு இசை சௌந்தர்யன். ‘சீவலப்பேரி பாண்டி’க்கும் இதே கதிதான், அதன் இசையமைப்பாளர் ஆதித்யன். ‘தொட்டாசிணுங்கி’ பாட்டை வாய்விட்டுப் பாடுகிறவரிடம் இசை யார் என்று கேட்டுப் பாருங்கள். தேவா, வித்யாசாகர் என்று இரண்டு மூன்று பெயர்கள் வந்துபோகும்; பிலிப் ஜெர்ரி என்ற பெயர் வருவது அரிது.

தொண்ணூறுகளின் தமிழ்த் திரையிசை பற்றிய பேச்சு பெரும்பாலும் ரஹ்மானின் ‘ரோஜா’வுக்கு முன், ‘ரோஜா’வுக்குப் பின் என்ற ஒரே கோட்டின் மேல்தான் நடக்கிறது. அந்தக் கோட்டில் சேராமல், வந்த ஆண்டில் ஊரெல்லாம் ஒலித்த பாடல்கள் ஏராளம். அவை பின்னுக்குப் போனதற்குத் தரக்குறைவு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டு போன இடமெல்லாம் அதைச் செய்தவர் பெயரும் போய்ச் சேர வழியில்லாமல் இருந்தது. அதுதான் உண்மையான காரணம்.

தமிழில் விற்பனைக் கணக்கை வைத்து வாரந்தோறும் வெளியாகும் தரவரிசை எதுவும் அன்று கிடையாது. எது ஹிட் என்பதைத் தொலைக்காட்சியின் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ சொன்னது. வானொலியின் நேயர் விருப்பம் சொன்னது. கல்யாண வீட்டு மைக் செட்டும் டவுன் பஸ்ஸும் சொன்னன. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. பிறகு ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ மாதிரியான நிகழ்ச்சிகளில் போன் போட்டுக் கேட்ட பாட்டு உடனே திரையில் ஓடியது. எல்லாவற்றையும்விட நம்பகமான அளவுகோல் கேசட் கடைதான்.

பாட்டுப் பதிந்து தரும் அந்தக் கடைகளின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வெற்றுக் கேசட்டையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டு வருவோம். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. சீட்டில் எழுதுவது பல்லவியின் முதல் இரண்டு சொற்கள். ஒரு கோடு போட்டுப் படத்தின் பெயர். கடைக்காரரும் அதையே கேசட்டின் உள் அட்டையில் பொடி எழுத்தில் எழுதித் தருவார். இசையமைப்பாளர் பெயருக்கு அந்த வரியில் இடமே கிடையாது. கம்பெனி கேசட்டில் பெயர் அச்சாகியிருக்கும். ஆனால் பலர் வீட்டுக்கு வந்தது பதிந்த கேசட்தான். பின்னால் எம்பி3 சிடி வந்தபோது தொகுப்புகள் ‘ராஜா ஹிட்ஸ்’, ‘ரஹ்மான் ஹிட்ஸ்’, ‘எஸ்.பி.பி. ஹிட்ஸ்’ என்றே விற்றன. ‘ஆதித்யன் ஹிட்ஸ்’ போட்டால் யார் வாங்குவார்கள் என்று வியாபாரிகள் நினைத்திருக்க வேண்டும். ஆக, பாடகர் பெயரில் உள்ளே நுழைந்தது பாதி. இளையராஜா தொகுப்பில் தவறாகப் போய் ஒட்டிக்கொண்டது மீதி.

காது ஏமாறுவதற்கு இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. பாலசுப்ரமணியம், ஜானகி, சித்ரா, மனோ, ஸ்வர்ணலதா என்று குரல்கள் எல்லோருக்கும் பொது. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலினும் தபலாவும் புல்லாங்குழலும் வாசித்த கலைஞர்களும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. அதே விரல்கள், அதே குரல்கள் என்னும்போது கேட்பவர் மனம் பழகிய பெயரைத்தான் முதலில் தேடும்.

இத்தனை புதியவர்களுக்கு எப்படி வாய்ப்புக் கிடைத்தது? எண்பதுகளின் நடுவில் வைரமுத்துவும் இளையராஜாவும் பிரிந்தார்கள். அந்தப் பாடலாசிரியரின் சொற்கள் வேறு மெட்டுகளைத் தேடி அலைந்தன. பத்தாண்டு முடியும் தறுவாயில் கே. பாலசந்தரும் இளையராஜாவிடமிருந்து விலகினார். கீபோர்டும் ரிதம் மெஷினும் பரவியதால், பெரிய வாத்தியக் குழு இல்லாமலே ஒரு பாட்டை ஒப்பேற்றிவிட முடிந்தது. ‘ரோஜா’வைத் தயாரித்த பாலசந்தரின் கவிதாலயா, அதற்கு முந்தைய ஆண்டே ‘அழகன்’ படத்தில் மரகதமணியை வைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

மரகதமணிக்காகக் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். ‘அழகன்’ பாடல்களையாவது ஓரளவு நினைவில் வைத்திருக்கிறோம். அதே 1991இல் வஸந்த் இயக்கிய ‘நீ பாதி நான் பாதி’யில் ‘நிவேதா’ என்றொரு பாட்டு. நிவேதா என்ற பெயரையும் ஸ்வர எழுத்துகளையும் விட்டால் அதில் வேறு சொல்லே கிடையாது. ஸ்வரம் பாடுவது கச்சேரியில் வித்வத்தைக் காட்டும் இடம்; இங்கே அது கொஞ்சலுக்கும் அழைப்புக்கும் பயன்பட்டது. உவமை இல்லை, நிலா இல்லை, மல்லிகை இல்லை. பெயரை இழுக்கும் விதத்திலும் ஸ்வரங்கள் ஒன்றையொன்று துரத்தும் வேகத்திலும்தான் காதல் இருக்கிறது. சொல் தாங்கிப் பிடிக்காத பாட்டில் சுருதி துளி பிசகினாலும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பாலசுப்ரமணியமும் சித்ராவும் அதைச் சிரித்துக்கொண்டே கடக்கிறார்கள். சங்கீதம் படிக்காதவர்களும் அதை முணுமுணுத்தார்கள். தமிழ்த் திரையிசையின் துணிச்சலான முயற்சிகளைப் பட்டியலிட்டால் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுப்பேன். 2023இல் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கிய எம்.எம். கீரவாணிதான் அந்த மரகதமணி.

ஆதித்யன் வேறு ரகம். ஒலிப்பதிவுத் துறையிலிருந்து வந்தவர். தாளத்துக்கும் அடித்தள ஒலிக்கும் அவர் கொடுத்த கனத்திலேயே அது தெரியும். 1992இல் ‘அமரன்’ படத்தில் நடிகர் கார்த்திக்கைப் பாடவைத்து ‘வெத்தல போட்ட சோக்குல’வை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு ஆண்டு கழித்து, பிரதாப் போத்தன் இயக்கிய ‘சீவலப்பேரி பாண்டி’யில் அப்படியே தெற்கத்தி மண்ணுக்கு இறங்கினார். இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் செய்தது என்று நம்புவது கடினம். பிற்காலத்தில் பலருக்கு அவர் ஜெயா டிவியில் சமையல் செய்து காட்டியவராகத்தான் தெரியும். 2017இல் காலமானார்.

பால பாரதியை எண்ணும்போது வருத்தம் இன்னும் கூடுகிறது. செல்வா இயக்கிய ‘தலைவாசல்’ (1992), ‘அமராவதி’ (1993) இரண்டுக்கும் அவர்தான் இசை. ‘அமராவதி’ அஜித் நாயகனாக நடித்த முதல் தமிழ்ப் படம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் அஜித்துக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம் என்ற செய்தியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘புத்தம் புது மலரே’வுக்கு மெட்டுப் போட்டவரைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் ஆளில்லை.

‘ரோஜா’வுக்குப் பிறகு வந்ததெல்லாம் பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். ரஹ்மானின் தாள ஒலியைப் பிடிக்கப் போய், மெட்டைக் கோட்டைவிட்ட பாடல்கள் குவிந்தன. அந்தக் குவியலில் சில நல்லவையும் அமுங்கிப்போயின. கே.எஸ். அதியமானின் ‘தொட்டாசிணுங்கி’ (1995) அப்படி ஒன்று. ஹரிஹரனும் சுஜாதாவும் பாடிய அந்தப் பாட்டு, அன்றைய ஒலி வேகத்துக்கு நடுவே அவசரமே இல்லாமல் நடக்கிறது. வாத்தியங்கள் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. அதே இயக்குநர் 2002இல் அந்தக் கதையை ஷாருக் கான், சல்மான் கான், மாதுரி தீட்சித்தை வைத்து இந்தியில் எடுத்தார். பிலிப் ஜெர்ரியைப் பற்றி இங்கேயே யாரும் பேசவில்லை.

1997 ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ‘லவ் டுடே’வுக்கு சிவா, ‘வி.ஐ.பி.’க்கு டிரம்ஸ் கலைஞர் ரஞ்சித் பாரோட், அமிதாப் பச்சனின் நிறுவனம் தயாரித்த ‘உல்லாசம்’ படத்துக்குக் கார்த்திக் ராஜா. நகரத்துக் காது புதிய ஒலியைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டில் சௌந்தர்யன், ராமராஜனின் ‘கோபுர தீபம்’ படத்துக்கு ‘உள்ளமே உனக்குத்தான்’ போட்டார். பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய மெட்டு என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு. கிராமத்து மைக் செட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது.

வித்யாசாகர் மலையாளத்தில் பெரிய பெயர் எடுத்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு ‘தில்’, ‘ரன்’, ‘கில்லி’ என்று இங்கே மீண்டும் நிமிர்ந்தார். அதனால் அவருடைய ‘பசும்பொன்’ போன்ற 1995ஆம் ஆண்டுப் பாடல்களுக்குத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது சுற்று கிடைக்காதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்று செயலிகளில் இந்தப் பாடல்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் பல இடங்களில் பாடகர் பெயர் மட்டும் முன்னால் நிற்கிறது. இசையமைப்பாளர் பெயர் தவறாகவோ இல்லாமலோ இருக்கிறது. படங்களின் டைட்டில் கார்டைப் பார்த்து அதைத் திருத்துவது ஒரு வாரத்து வேலை. வாசித்தவர்களின் பெயர்தான் கடினம். அது டைட்டிலிலும் வராது. ‘நிவேதா’வுக்குத் தாளம் வாசித்தவர் யார், ‘அமராவதி’யின் வயலின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்பதெல்லாம் அன்றைய கலைஞர்களின், ஒலிப்பதிவாளர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, படம் படமாக எழுதி வைக்கும் வேலையை இந்த ஆண்டே யாராவது தொடங்க வேண்டும்.