‘ஒயிட் டவுன்’: யாருடைய கடற்கரை, யாருடைய புலம்பல்?

1

புதுச்சேரியைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்போது ஒரே புலம்பல்தான். ‘ஊரே மாறிப்போச்சுங்க. சனி ஞாயிறு ஆனா பீச் பக்கம் கால் வைக்க முடியல. ஒரு காப்பிக்கு அவன் கேக்கிற காசுல நம்ம வீட்டுக்கு ஒரு நாள் காய்கறி வாங்கிடலாம்.’ இதில் பொய் எதுவும் இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதியில் வந்திறங்கும் கூட்டம், மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஜோடிகள், பிரெஞ்சுப் பெயர் மாட்டிய விடுதிகள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பரிசாரகர்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கிற விஷயங்கள். ஒரு கடற்கரை நகரம் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கட்டுப்படியாகாமலும், அவர்களைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதாகவும் மாறிவருகிறதா என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடலாம்.

ஆனால் இந்தப் புலம்பலையே ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. இதில் பேசுகிற ‘நாம்’ யார்? வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த பரம்பரை வீட்டை விடுதிக்காரருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அந்த வருமானத்தில் இலாஸ்பேட்டையில் மாடி வீடு கட்டிக் குடியேறியவரும் ‘ஊர் போயிடுச்சு’ என்கிறார். கட்டுமரத்தை ஏற்றிவைக்க மணல் இல்லாமல் கருங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வைத்திக்குப்பத்து மீனவரும் அதையேதான் சொல்கிறார். ஒருவருக்குப் போனது அமைதி. மற்றவருக்குப் போனது பிழைப்பு. இரண்டையும் ‘உள்ளூர்க்காரர்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டினால் இரண்டாவது இழப்பு காணாமல் போய்விடும். ஊர் விலையேறியதைப் பற்றிய நம் பேச்சுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

2

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1693இல் இந்த ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் நேர்கோட்டுத் தெருக்களுக்கான வரைபடத்தைப் போட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பின்பு பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்து கட்டியதும் இந்த ஒழுங்கில்தான். நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கே கடலை ஒட்டி வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரித்த ஒரு ஏற்பாட்டின் பெயர் ‘ஒயிட் டவுன்’. காலனியம் போய், 1954இல் நிர்வாகம் கைமாறி, 1962இல் சட்டபூர்வமாகவும் இணைப்பு முடிந்துவிட்டது. அப்புறமும் அந்தப் பெயர் வெட்கமில்லாமல் உயிரோடு இருக்கிறது. வெறுமனே இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, அதுதான் இன்றைக்குச் சரக்கு. அறை வாடகை விளம்பரத்தில் அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தால் கட்டணம் ஏறுகிறது. ‘கறுப்பு நகரம்’ என்று எந்த விடுதியும் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை.

பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தன் நூலில் ரசனை என்பது தனிமனித விருப்பம் என்ற நம்பிக்கையை உடைத்தார். எது அழகு, எது நாகரிகம் என்று தீர்மானிப்பது வர்க்கங்கள் தம்மை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிக் காட்டிக்கொள்ளும் வழி என்றார். மேட்டிமை என்பது யாரோ ஒரு பரிசாரகரின் முகச்சுளிப்பில் மட்டும் இருப்பதல்ல. எந்தத் தெரு ‘பாரம்பரியம்’, எந்தத் தெரு ‘குப்பம்’ என்று பிரிக்கிற சொல்லாடலிலேயே அது இருக்கிறது. புதுச்சேரியின் ‘மேரி’ கட்டிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பழைய வடிவம் மாறாமல் மறுபடியும் எழுப்பி 2021இல் திறந்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? உலக வங்கிக் கடனில் நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்திலிருந்து. கடலோரத்தின் அபாயம் என்றதும் அதிகாரத்தின் கண்ணுக்கு ஒரு காலனிய நகராட்சி மாளிகையும் தெரிகிறது என்பது கவனத்துக்குரியது. கட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. எது இழக்கக் கூடாதது என்ற பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்பதே கேள்வி.

3

இந்த இடத்தில் ஒரு எளிய எதிர்வாதம் தயாராக இருக்கிறது. ‘வெள்ளைக்காரன் நகரத்தை விடு, வாய்க்காலுக்கு மேற்கே நம்ம தமிழ்ப் பகுதி இருக்கே, அதைக் காப்பாத்தலாமே!’ காப்பாற்றவும் செய்தார்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய உதவியோடு நடந்த ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் புதுப்பிக்கப்பட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருக்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: வைசியாள் வீதி, வெள்ளாள வீதி, யாதவாள் வீதி. கறுப்பு நகரம் என்பது ஒற்றை நகரமாக ஒருபோதும் இருந்ததில்லை. நிறத்தின் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சாதியின் வாய்க்கால்கள் ஓடின.

1745இல் இந்த ஊர் மாதா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே நிறுத்துவதற்கு ஒரு சுவர் இருந்ததையும், அதை எதிர்த்து அவர்கள் குருவிடம் நேரில் போய் முறையிட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்களில், பெயரையே மாற்றிக்கொண்டவர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் மேட்டிமை வேஷமாக இருக்கவில்லை. தெருவில் தலைநிமிர்ந்து நடக்கக் கிடைத்த ஒரு வழியாக இருந்தது. பட்டாளத்துக்குப் போய்ப் பென்ஷன் வாங்கிய ‘சொல்தா’ குடும்பங்களின் கதையும் இதோடு சேர்ந்தது. ஆக, ‘அந்நியர் வந்து கெடுத்துட்டாங்க, முன்னாடி எல்லாரும் ஒண்ணா இருந்தோம்’ என்கிற கதையாடலை அடித்தள மக்களின் நினைவிலிருந்து பார்த்தால் அது நிற்காது. பழைய அமைதியான புதுச்சேரி யாருக்கு அமைதியாக இருந்தது? பழையதை மீட்பதை நம் கோரிக்கையாக வைத்துக்கொண்டால், பழைய வீட்டுக்காரர்களின் வக்கீலாகத்தான் நாம் முடிவோம்.

4

சரி, கடலுக்கு வருவோம். கடற்கரை நகரத்தில் விலையேறுவது நிலம் மட்டும் இல்லை, கடலும் கைமாறுகிறது.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டி முடிக்கப்பட்டன. கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. தேங்குகிற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை முறையாக நடக்கவில்லை. நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை போய்க் கருங்கல் வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம் வரைக்கும் போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் சாலையும் வீடும் தப்பிக்கலாம். படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே உலர்த்துவது, கருவாட்டை எங்கே காயப்போடுவது? மணல் என்பது மீனவருக்குப் பட்டறை. சுற்றுலாக்காரருக்கு அது காட்சி.

இந்த இரண்டு மணலில் எது முதலில் திரும்ப வந்தது என்று பாருங்கள். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு இறக்கப்பட்டது. காந்தி சிலைப் பக்கம் மணல் சேர்ந்தது. ஜனங்கள் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள், சந்தோஷம்தான். அந்த மணல் சாயங்காலம் எல்லோருக்கும் இலவசம். வாகனங்களை நிறுத்திவிட்டு நடக்கவிடுகிற கடற்கரைச் சாலையில் இன்றைக்கும் கூலிக்காரக் குடும்பம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு உட்கார முடிகிறது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, இது காக்கப்பட வேண்டிய உரிமை. ஆனாலும் அறிவியல், பணம், அதிகாரம் மூன்றும் சேர்ந்து ஓடிவந்த இடம் உலாவும் கரை. தொழில் செய்யும் கரைக்குக் கல்தான் வந்தது. இன்னும் தெற்கே சுண்ணாம்பாற்றில் நிலைமை வேறு. படகுக் குழாமில் கட்டணம் கட்டிப் படகேறினால்தான் ‘பாரடைஸ் பீச்’ என்ற மணல் திட்டுக்குப் போகலாம். சொர்க்கத்துக்கு டிக்கெட்!

சட்டமும் இந்தப் போக்குக்கு ஒத்துழைக்கிறது. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நகர்ப்புறக் கரையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதை அன்றைய அளவிலேயே நிறுத்திவைத்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை அந்தக் கட்டை அவிழ்த்தது, கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் வழி திறந்தது. 2011 அறிவிக்கை மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் தயாரிக்கச் சொல்லியிருந்தது. வரைபடத்தில் விடுதிக்கான உயரம் ஏறுகிற வேகத்தில் மீனவர் வீட்டுக்கான கோடு விழுவதில்லை.

5

‘எல்லாம் சரிய்யா, சுற்றுலா இல்லேன்னா சோறு எங்கேருந்து வரும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இந்த ஊரின் இன்னொரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊர். 1936 ஜூலை 30இல் பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. வாய்க்காலைத் தாண்டி இந்த ஊரில் கைக்கு வந்த உரிமைகளில் முக்கியமானது, ரத்தம் சிந்தி வாங்கிய இது. அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நோஞ்சானாகி, 2020இல் ஏ.எஃப்.டி.யும் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. பிரெஞ்சுச் சுவருக்கு மஞ்சள் அடித்துப் பாரம்பரியம் என்கிற நாம், ஆலைச் சங்கையும் 12 பேரையும் பாரம்பரியத்தில் சேர்ப்பதில்லை. சுற்றுலாக் கையேட்டுக்கு அது உதவாத வரலாறு.

ஆலை போன இடத்தில் வந்த வேலை என்ன? விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுவது, தட்டு கழுவுவது, வாசலில் இரவுக் காவல். சீசனுக்கு வேலை, சீசன் போனால் இல்லை. பெரும்பாலும் சங்கம் கிடையாது, 8 மணி நேரமும் கிடையாது. தமிழ்நாட்டை விடக் குறைந்த வரியில் கிடைக்கும் மதுவை நம்பி ஓடுகிற வருமானம் வேறு. குடியிருப்புத் தெருக்களுக்குள் ரெஸ்டோ பார்கள் நுழைந்தபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்தது ஒழுக்கவாதம் மட்டும் இல்லை, தூக்கமும் வாடகையும் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விட்டால் பலமடங்கு வரும் என்று தெரிந்த பிறகு எந்த உரிமையாளர் குடித்தனக்காரரை வைத்துக்கொள்வார்? அறை பெருகப் பெருக வீடு குறைகிறது. வெள்ளை நகரத்தில் படுக்கை விரிக்கிற பெண் வில்லியனூரிலிருந்தோ எல்லைக்கு அப்பாலிருந்தோ பஸ் பிடித்து வந்து போகிறாள். 1964இல் லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் வசதியானவர்கள் வந்து குடியேறுவதைக் கவனித்த ரூத் கிளாஸ் அதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்தார். இங்கே நடப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. வசதியானவர் வந்து குடியேறுவதுகூட இல்லை. இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடுகிறார். நம்மை வெளியேற்றுகிறவருக்கு முகமே இல்லை, வீட்டை எடுத்துக்கொள்வது ஒரு முன்பதிவுதான்.

பெரிய மார்க்கெட் இதன் அடுத்த களம். 2017இல் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டத்தை வியாபாரிகள் எதிர்த்தார்கள். ‘சுத்தம்’, ‘நவீனம்’ என்று சொல்லப்படும்போது அங்கே கூடையோடு தரையில் உட்கார்ந்திருக்கிற மீன்காரம்மாவின் இடம் எது என்பதை யாரும் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. மீன் நாறுகிறது என்பதும் ஒரு ரசனைத் தீர்ப்பு. அதே மீன் வெள்ளைத் தட்டில் எலுமிச்சைத் துண்டோடு வரும்போது நாறுவதில்லை.

6

ஹென்றி லெஃபெவ்ர் 1968இல் ‘நகரத்திற்கான உரிமை’ என்றார். அந்த உரிமை அங்கே பிறந்தவருக்கு மட்டுமான பட்டா இல்லை. நகரத்தை உழைப்பால் உண்டாக்குகிறவர்களுக்கு உரியது. இந்தத் திருத்தத்தோடு ‘உள்ளூர்’ என்ற சொல்லை நாம் எடுத்துக்கொண்டால், விடுதியில் தட்டு கழுவுகிற வடமாநிலப் பையனும் உள்ளூர். அவனை ‘வெளியாள்’ என்று திட்டிவிட்டு, வீட்டை விடுதிக்கு விட்டவரை ‘மண்ணின் மைந்தர்’ என்று கட்டிப்பிடிக்கிற அரசியல் நமக்கு வேண்டாம்.

என்ன கேட்கலாம்? நாள் வாடகை விடுதியாக மாறும் வீடுகளுக்குத் தெருவாரியாக உச்சவரம்பு. துறைமுகத்தில் தேங்கும் மணல் வடக்கே குப்பங்களுக்கு, உலாவும் கரைக்கு முன்பாக. மீனவர் வீட்டுத் திட்டம் வரைபடத்திலும் கையிலும். மூடிய ஆலைகளின் நிலத்தில் தொழிலாளர் குடியிருப்பு, மால் வேண்டாம். மார்க்கெட்டில் பெண்களின் இடத்துக்கு எழுத்துபூர்வ உத்தரவாதம். விடுதித் தொழிலாளர்களுக்குச் சங்கம். இவற்றில் எதுவும் புரட்சி இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வாய்க்காலைக் கொஞ்சம் தூர்க்கும்.

இவற்றைச் செய்யாமல் காப்பி விலையைப் பற்றி மட்டும் நாம் புலம்பிக்கொண்டிருந்தால், அந்தப் புலம்பலுக்கும் அவர்கள் ஒரு நல்ல சட்டம் போட்டு, ‘பழைய பாண்டிச்சேரி’ என்று தலைப்பு எழுதி, ஏதாவது ஒரு விடுதியின் வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள்.