சொந்தக்காரன் இல்லாத கேலி

டெலிவிஷனைப் பற்றியா இந்தப் பக்கங்களில் எழுதுவது என்று முகம் சுளிக்கிற நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் பார்க்காததால் அது இல்லாமல் போய்விடவில்லை. தமிழன் எதைக் கண்டு சிரிக்கிறான், எதைக் கண்டு சிரிக்க அவனை விடுகிறார்கள் என்பதெல்லாம் முப்பது வருஷங்களாக அங்கேதான் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. நாம் அங்கதம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில் அதன் கழுத்தில் யாரோ விலைச்சீட்டு மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

விஷயம் 2022 ஜனவரியில் நடந்தது. பொங்கலுக்கு மறுநாள், 15ஆம் தேதி, ஜீ தமிழ் சேனலின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ நான்காவது சீசனில் சிறுவர்கள் ராஜாவும் மந்திரியுமாக வேஷம் கட்டி ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். சிந்தியா என்றொரு தேசம். அதன் ராஜா கறுப்புப் பணத்தை ஒழிக்கப் புறப்பட்டு நோட்டைச் செல்லாது என்கிறார். கறுப்புப் பணம் ஒழியவில்லை. கலர் கலராகக் கோட்டு மாட்டிக்கொண்டு சுற்றுகிறார். அரசாங்கச் சொத்தை விற்பது பற்றியும் பேச்சு வருகிறது. பெயர் யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை. இரண்டு நாளில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல ஏழு நாள் கெடு. புகார் தமிழக பா.ஜ.க.வுடையது. பத்து வயதுகூட ஆகாத குழந்தைகளுக்கு இதெல்லாம் என்ன புரியும் என்பது புகாரின் வாதங்களில் ஒன்று. அந்தப் பகுதியை இனி ஒளிபரப்புவதில்லை, இணையதளத்திலிருந்தும் எடுத்துவிடுகிறோம் என்று சேனல் ஒப்புக்கொண்டதாகக் கட்சித் தரப்பே அறிவித்தது. ஏழு நாள்கூடத் தேவைப்படவில்லை.

கருத்துச் சுதந்திரம் பறிபோய்விட்டது என்ற கூக்குரல் அப்போது எழுந்தது, நியாயமான கூக்குரல்தான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. பறித்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பறிகொடுத்தவன் யார்? ‘இது என் கேலி, திரும்பப் பெற மாட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டிய நபர் அந்த நிகழ்ச்சியில் எங்கே இருந்தான்? எழுதியவன் ஒரு குழு. பேசியது குழந்தை. சிரித்தது அரங்கம். ஒலிநாடாவும் ஒளிநாடாவும் கம்பெனிக்குச் சொந்தம். எந்த டி.வி. நிகழ்ச்சியானாலும் வசனம் எழுதியவர் பெயர் கடைசியில் கண் கொட்டுகிற நேரத்தில் ஓடி மறைகிறது. மறுக்க ஆளே இல்லாத இடத்துக்குத்தான் கடிதம் போனது.

ராஜா வேஷத்துக்கு நம்மிடம் ஒரு வம்சாவளி உண்டு. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறியது. (செப்புக் காசை வெள்ளிக் காசின் மதிப்புக்குச் செல்லும் என்று ஆணையிட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட சுல்தான் அவன். சோ காலமானது 2016 டிசம்பர் 7ஆம் தேதி. ஐநூறும் ஆயிரமும் செல்லாதென்று ஆகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. சரித்திரத்துக்குச் சில சமயம் கொஞ்சம் மலிவான ரசனை உண்டு.) சோவின் அரசியல் எனக்கு எந்தக் காலத்திலும் ஒப்புதல் இல்லை. அவருடைய நாடகத்தை நாடகக் கலை என்று ஏற்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பாத்திரங்கள் எல்லாரும் சோவாகவே பேசுவார்கள். ஆனால் எழுதினவர், இயக்கினவர், வேஷம் கட்டினவர், அதற்காக யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நின்றவர் எல்லாம் ஒரே ஆள். 1971இல் படமாக வந்தபோது எழுந்த எதிர்ப்புக்கு அவர் வேறொருவரைக் கை காட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் எம்.ஆர். ராதா. ‘ரத்தக் கண்ணீர்’ மேடையில் அன்றைய பேப்பர் செய்தி அன்றைக்கே வசனத்துக்குள் வந்துவிடும். நேற்றுப் பார்த்த நாடகம் இன்றைக்கு இல்லை. 1954இல் வந்த சென்னை நாடக நிகழ்ச்சிச் சட்டம் அவரை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்பது நாடக உலகம் அறிந்த சங்கதி. வசனப் பிரதியைக் கொண்டுவா என்று சர்க்கார் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். பிரதியில் இல்லாததைத்தான் ராதா பேசுவார் என்பது சட்டம் எழுதினவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவரை நிறுத்த ஒரு சட்டசபையும் ஒரு போலீஸ் படையும் வேண்டியிருந்தன. ஜீ தமிழுக்கு ஒரு தபால் போதுமாயிருந்தது.

பத்திரிகைக்கும் இந்தச் சரித்திரம் உண்டு. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றி வந்த ஜோக்குக்காகத் தமிழக சட்டசபை அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்டனம் வலுத்து இரண்டொரு நாளில் விடுவித்தார்கள். விடவில்லை மனிதர், வழக்காடி 1994இல் ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு பெற்றார். விகடனின் வணிக ரசனையை இந்தச் சிறுபத்திரிகை உலகம் எவ்வளவோ திட்டியிருக்கிறது, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஜோக்குக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார் என்பதை மறுக்க முடியாது. அதே நிறுவனத்தின் இணையதளம் 2025 பிப்ரவரியில், பிரதமர் விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கார்ட்டூன் ஒன்றுக்காக முடக்கப்பட்டது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது, அதுவும் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. ஆளைச் சிறையில் போடுவது பழைய பாணி. இப்போது படத்தைக் காணாமல் செய்கிறார்கள்.

டெலிவிஷனுக்குத் திரும்புகிறேன். பட்டினப்பாக்கத்தில் பஸ் டெர்மினஸிலிருந்து நடந்தால் எம்.ஆர்.சி. நகரில் முரசொலி மாறன் டவர்ஸ், சன் டி.வி. குழுமத்தின் கட்டடம். ஒரு பக்கம் சீனிவாசபுரத்துக் குடியிருப்புகள், ஜன்னலுக்கு ஒரு டிஷ். இன்னொரு பக்கம் அந்த டிஷ்களுக்கெல்லாம் படியளக்கிற கண்ணாடிக் கோபுரம். நடுவே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எந்தக் கட்சியையும் விட்டுவைக்காமல் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கோபுரத்தில் ஏறியதில்லை. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று கட்சிக்கொரு சேனல், சேனலுக்கொரு கட்சி. எதிராளியைத் தாக்குவதற்குச் செய்தி இருக்கிறது. பிறகு கேலி எதற்கு? கேலிக்குக் குணம் போதாது. எதிராளியைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கும்போது விரல் நம் முதலாளி பக்கமும் திரும்பிவிடும். ஆகவே கேலியைச் சினிமாவுக்கும் மாமியாருக்கும் குண்டான மனிதர்களுக்கும் விட்டுவிட்டார்கள். விஜய் டி.வி.யின் ‘லொள்ளு சபா’வில் நிஜமான திறமை இருந்தது. தமிழ் சினிமாவின் பொய்களை அது உரித்த விதம் நம் சினிமா விமர்சகர்கள் பலருக்குக் கைவராதது. ஆனால் கதாநாயகனின் பஞ்ச் வசனத்தோடு அது நின்றுகொண்டது. அந்த வசனம் கோட்டைக்குப் போகிற வழியில் பேசப்படுவது என்று தெரிந்தும் நின்றுகொண்டது.

ஜீ தமிழுக்கு உள்ளூர்க் கட்சி எதுவும் இல்லை. அதனால்தான் அந்த நாடகம் அங்கே சாத்தியமாயிற்று என்று எனக்குப் படுகிறது. அதனாலேயேதான் அது அத்தனை சுலபமாக மறைந்தும் போயிற்று. பல மொழிகளில் சேனல் நடத்தும் கம்பெனிக்கு டெல்லியின் உரிமம் வேண்டும். சிந்தியா தேசத்து ராஜாவின் பத்து நிமிஷம் அதன் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது.

கம்பெனிகளைப் பற்றிய கேலி என்று எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். சிறுவர்களின் ராஜாவுக்கு நேர் மூதாதை சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006). அதில் வடிவேலு வெளிநாட்டு பானங்களுக்கு விளம்பரம் செய்கிற ராஜா. ‘அக்காமாலா’, ‘கப்ஸி’ என்று பெயர்கள். நிஜப் பெயர்கள் எவை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்தப் படத்தைச் சேனல்கள் எத்தனையோ தடவை போட்டிருக்கின்றன. அக்காமாலாக் காட்சி முடிந்து இடைவேளை விட்டால் நிஜ பானத்தின் விளம்பரம் வந்து உட்கார எந்தத் தடையும் கிடையாது. கேலியும் கேலிக்கு உள்ளானதும் ஒரே கட்டணச் சீட்டில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். சினிமாவிலாவது ஒரு சிம்புதேவன் அதைச் சொல்ல முடிந்தது. டெலிவிஷனுக்கென்று எழுதப்பட்ட தமிழ் நிகழ்ச்சி எதிலும் ஒரு சிமெண்டுக் கம்பெனியையோ செல்போன் கம்பெனியையோ இந்த அளவுக்குத் தொட்டதாக நான் பார்த்ததில்லை.

இது டெலிவிஷன் என்ற சாதனத்தின் விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சர்க்காரே நடத்திய தூர்தர்ஷனில் 1989இல் ஜஸ்பால் பட்டி ‘ஃபிளாப் ஷோ’ செய்தார். மருத்துவ பில், டெலிபோன் இலாகா, காண்டிராக்டர், பி.எச்டி. வழிகாட்டி என்று பத்தே பகுதிகள். பிரதம மந்திரியை அவர் தொடவில்லைதான், குமாஸ்தாவோடு நின்றார். (குமாஸ்தாவாக எனக்கு அதில் வருத்தம் உண்டு.) ஆனாலும் எழுதி, இயக்கி, முகம் காட்டியவர் அவர். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏ.பி.சி. நிறுத்தியது, ஒளிபரப்பு ஆணையத் தலைவர் மிரட்டலாகப் பேசியதை ஒட்டி. ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நிகழ்ச்சியின் பெயரிலேயே அந்த ஆள் இருந்தான். எதைத் திருப்பிக் கேட்பது என்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. சிந்தியா ராஜாவைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் யார் பெயரைச் சொல்லிக் கேட்பது?

அந்த நாடகம் அங்கதமாக எந்தத் தரம் என்று கேட்டால், சுமார்தான். வாட்ஸ்அப்பில் ஏற்கனவே தேய்ந்துபோன நகைச்சுவைகளைத் தொகுத்து ராஜா உடுப்பு மாட்டியிருந்தார்கள். 2016 நவம்பரில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரிசையில் நின்றவர்கள் இதைவிடக் கூர்மையாகப் பேசினார்கள். நோட்டு மாற்றினவர் விரலில் மை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, ஒரு பெரியவர் விரலை நீட்டி, “யாருக்குப் போட்டேன்னு மட்டும் கேக்காதே தம்பி” என்றார். முதன்முதலாக இரண்டாயிரம் நோட்டைக் கையில் வாங்கிய மீன்கார அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை மாத்தறதுக்கு வரிசை எங்கேப்பா நிக்குது?” என்று கேட்டாள். செல்லாதென்று ஆன நோட்டில் 99.3 சதவீதம் திரும்பிவிட்டதென்று ரிசர்வ் வங்கி 2018இல் கணக்குச் சொன்னது. அந்த அம்மாள் அதை முன்கூட்டியே முடித்துவிட்டாள். அவள் கேலிக்கு அவள் சொந்தக்காரி. முகத்தைப் பார்த்துச் சொன்னாள், பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள், அழிக்க ஒளிநாடா இல்லை.

குழந்தைகள் வாயில் இதைத் திணிக்கலாமா என்ற கேள்வியைப் புகார் கொடுத்தவர்கள் கேட்டார்கள் என்பதற்காக நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. பெரியவர்கள் பேசத் துணியாததைப் பிள்ளைகளைப் பேசவைத்து, பிள்ளைதானே என்று தப்பிக்கப் பார்த்த கோழைத்தனம் அதில் இருக்கிறது. ராஜா உடுப்பு ஒரு மறைப்பு, குழந்தை இரண்டாவது மறைப்பு. ஆனால் அவர்களுக்குப் புரியாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் பத்து வயதுக்குள் இருந்தவர்கள் 2016இல் மூன்று, நான்கு வயதுக்காரர்கள். அம்மா இடுப்பிலும் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டும் அந்த வரிசைகளில் நின்றவர்கள். டோக்கன் தீர்ந்து ஷட்டரைப் பாதி இறக்கியபோது, இன்னும் பணம் இருக்கிறதா என்று குனியாமலே உள்ளே பார்க்க முடிந்தவர்கள் அவர்கள்தான்.