எஞ்சும் வேறுபாடும் காணாத் துணையும்: ஜேக்கப்பின் கருதல் குறித்த மதிப்பீடு

முன்னுரை

நேரில் புலப்படாத பொருளை அதன் விளைவால் துணிவது கருதலளவை. புகையால் நெருப்பை அறிதல் அதற்குத் தருக்க நூலார் காட்டும் சான்று. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1855இல் இவ்வளவையை இரட்டை விண்மீன் ஒன்றிற்குப் பொருத்தினார். அக்கருதலின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜேக்கப்பின் கருதல்

70 ஒபியூக்கி என்பது ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் விண்மீன் இணை. கணித்த பாதைக்கும் அளந்த நிலைகளுக்கும் இடையே வேறுபாடு எஞ்சுவதைக் கண்ட ஜேக்கப், புலப்படாத கோள் ஒன்று அங்கிருத்தல் பெரிதும் கூடும் என்றார். யுரேனசின் பிறழ்ச்சியிலிருந்து 1846இல் நெப்டியூன் கண்டறியப்பட்டதும் இதே நெறியால்தான். 1896இல் டி. ஜே. ஜே. சீ என்பாரும் 70 ஒபியூக்கிக்குத் துணையொன்றைக் கூறினார். அவர் கூறிய அமைப்பு நிலைத்திராது என 1899இல் எஃப். ஆர். மோல்டன் காட்டினார். ஜேக்கப் கருதிய கோள் இன்றுவரை உறுதிப்படவில்லை.

ஏதுவின் குறை

மணிமேகலையின் 29ஆம் காதை கூறும் ஏதுப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம். அதன் வகையாகிய சாதாரணம், துணிபொருள் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் காணப்படும் ஏதுவாகும். ஜேக்கப்பின் ஏது இத்தகையது. துணை இருப்பினும் வேறுபாடு எஞ்சும். அளவீட்டில் பிழை இருப்பினும் எஞ்சும்.

ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில் ஏது மேலும் கூர்மையுடையது. அவற்றின் மறைப்புகள் கடிகாரம்போல் ஒழுங்காக நிகழ்வன. மூன்றாம் துணை இருப்பின் அவ்விணை பொது நிறைமையத்தைச் சுற்றும். புவிக்கு அண்மையில் வருகையில் மறைப்பு முந்தியும், சேய்மையில் பிந்தியும் தோன்றும். எனினும் விண்மீனின் காந்தச் செயற்பாடும் மறைப்பு நேரத்தை மாற்றவல்லது. எச்.யு. அக்வாரி இணைக்கு 2011இல் இரு கோள்கள் கூறப்பட்டன. அவற்றின் பாதைகள் நிலைத்திரா என அவ்வாண்டிலேயே மறுக்கப்பட்டது. ஏறத்தாழ 2.87 நாளுக்கு ஒருமுறை மறைப்புறும் அல்கால் இணையின் நிலை வேறு. அதன் மூன்றாம் விண்மீன் நிறமாலையிலும் தனியே புலப்பட்டமையால் துணிபு நிலைபெற்றது.

முடிவுரை

சூரியனுக்கு அப்பாற்பட்ட முதற்கோள் சென்னையில் கண்டறியப்பட்டது என எழுதுதல் வரலாறாகாது. அத்தகைய கோளை அளவீட்டின் வழியே கருதும் முயற்சி சென்னையில் நிகழ்ந்தது என்பதே வரலாறு. ஜேக்கப் 'கூடும்' என்றே நிறுத்தினார். அதனைக் 'கண்டார்' எனத் திரிப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. வேறொரு சான்று துணைநிற்கும்வரை எஞ்சும் வேறுபாடு வினாவேயன்றி விடையன்று.