பழுது பார்க்கத் தயங்கும் கருவி

லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பு வைத்திருப்பவர், பழைய பழக்கத்தில் அதன் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் ஏமாந்துபோவார். அது எதையும் சோதிக்காது. வெற்றிக் குறியீட்டோடு ஒதுங்கிக்கொள்ளும். கணினி துவங்கும்போதே டிஸ்கைச் சோதிக்கும் யூனிக்ஸ் மரபுக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான். 2009இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்த இந்த அமைப்பு, பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது. ஆகவே மின்சாரம் போனாலும் கட்டமைப்பு குலையக் கூடாது என்பது அதன் கணக்கு.

உண்மையான சோதனைக்கு 'செக்' என்ற தனிக் கட்டளை உண்டு. தானாக விட்டால் அது படிக்க மட்டுமே செய்யும். 'ரிப்பேர்' என்று சேர்த்துக் கேட்டால், எச்சரித்துவிட்டு 10 நொடி எண்ணிக் காத்திருக்கும். இந்தத் தயக்கத்தை நான் பலமாகவே எண்ணுகிறேன். ராம் பழுதாகவோ கேபிள் தளர்ந்தோ இருக்கையில் பழுது பார்க்கப் புகுந்தால், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனால் எச்சரிக்கிற கருவி அடுத்து என்ன செய்வதென்று சொல்வதில்லை. 'பேரன்ட் டிரான்ஸ்ஐடி' பொருந்தவில்லை என்று திரையில் வந்தால், எழுதி முடித்ததாக டிஸ்க் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று எத்தனை பேருக்குப் புரியும்? புரியாதவர் கை நேராக ரிப்பேருக்குத்தான் போகும்.

'ஸ்க்ரப்' என்பதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்க்ரப், இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்கில் ஒவ்வொரு தொகுதியின் செக்சம்மையும், அதாவது தரவு கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும், ஒப்பிடும். நல்ல பிரதி வேறிடத்தில் இருந்தால் திருத்தவும் செய்யும். ஆனால் கட்டமைப்புத் தகவல் ஒன்று ராமிலேயே கெட்டு, அதற்குப் பிறகு செக்சம் போடப்பட்டிருந்தால் ஸ்க்ரப் கண்ணில் படாது. பொய்க் கணக்குக்குச் சரியான முத்திரை! அதைப் பிடிக்க செக்தான் வேண்டும்.

ஒரு கணத்தின் நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை வேறு டிஸ்குக்கு அனுப்பும் 'சென்ட்', 'ரிசீவ்' ஜோடிதான் எனக்கு அதிகம் உறுத்துவது. முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் தாயாகக் காட்டினால் மாறியதை மட்டும் அனுப்பும். பல மணி நேர வேலை நிமிடங்களில் முடியும். சிக்கலும் அங்கேதான். பெறும் பக்கம் தாயைப் பெயரால் தேடுவதில்லை, உள்ளே பதிந்த அடையாள எண்ணால் தேடுகிறது. அதே பெயரில், அதே கோப்புகளுடன் ஒரு நகல் இருந்தாலும் அடையாளம் பொருந்தாவிட்டால் 'தாயைக் காணோம்' என்று நின்றுவிடும். பெற்ற ஸ்னாப்ஷாட்டை யாராவது எழுதத்தக்கதாக மாற்றித் திருத்தியிருந்தால் இன்னும் மோசம்: அடையாளம் ஒன்று, உள்ளடக்கம் வேறு. பிற்காலப் பதிப்புகள் வலிந்து கேட்டாலொழிய அதற்கு இடம் கொடுப்பதில்லை. பாதியில் அறுந்த அனுப்பலோ அரைகுறையாகவே கிடக்கும். அதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பமைப்பில் வழி இருக்கிறது.

முழுதாக அனுப்பும்போது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வந்தால் பலர் நெட்வொர்க்கை நோவார்கள். அனுப்பும் பக்கத்தில் ஒரு தொகுதியின் செக்சம் தவறியிருந்தாலும் இதே பிழைதான் வரும். கர்னல் பதிவில் எந்தக் கோப்பு என்ற குறிப்பு இருக்கும். அந்தக் கோப்பை அழிக்கலாமென்றால், ஸ்னாப்ஷாட் படிக்க மட்டுமேயானது. எழுதத்தக்க நகலெடுத்து, கோப்பை நீக்கி, மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும்.

இதைவிட அச்சம் தருவது பிழையே வராத இரவுகள். மாற்றத்தை மட்டும் அனுப்பும் முறை, மாறாத பழைய தொகுதிகளைத் தொடுவதே இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய புகைப்படம் உள்ளுக்குள் கெட்டுக் கிடந்தாலும் 'அனுப்பியாயிற்று' என்றே தினமும் பதிவாகும். பெற்றுக்கொண்ட டிஸ்கில் கடைசியாக ஸ்க்ரப் ஓடியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.